ஓரகத்தி பார்க்க ஒரு கண்ணாடிச் சுவர்

என் மனைவி குன்வோர் நல்லவள்தான். ஆனால் என் தம்பி பெண்டாட்டி சோல்வெய் புதுக் கையுறை போட்டாலே இவளுக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவள் கண்ணெதிரே, ஏரிக்கு மேலே இருக்கும் மேட்டில், தொழிற்சாலையிலேயே சுவர் சுவராகச் செய்த சோல்வெயின் வீடு இரண்டு லாரிகளில் வந்து இறங்கியது. காலையில் வெறும் அஸ்திவாரம். சாயங்காலம் கூரையே ஏறிவிட்டது. ஸ்வீடன் வழக்கப்படி முகட்டில் தழை வளையம் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பீர் ஊற்றினார்கள். குன்வோர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

"நமக்கும் வேணும். அதைவிட நல்லதா வேணும்" என்றாள்.

ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்திருந்த மாதிரி வீடுகளையெல்லாம் ஏறி இறங்கினோம். கடைசியில் ஒன்று பிடித்தது. கூடத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். எங்கள் மனை தம்பி வீட்டுக்குக் கீழே, ஏரியை ஒட்டி.

"கண்ணாடி தெற்கே ஏரியைப் பாத்து இருக்கட்டும்மா. குளிர்காலத்துல வெயில் அந்தப் பக்கம்தான்" என்றார் விற்பனைக்காரர்.

"ஏரியா பொறாமைப்படப் போகுது? வடக்கே திருப்புங்க. மேட்டுல இருக்கிறவ பாக்கட்டும்."

"அடியே, கிரேன்ல இறக்கி வெச்சா அப்புறம் திருப்ப முடியாதுடி!" என்று கத்தினேன்.

"நீங்க எப்பவும் அவளுக்குத்தானே பரிஞ்சு பேசுவீங்க!" என்று கழுத்தை நொடித்தாள். நானும் புத்திகெட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

குளிர்காலம் வந்தது. எங்கள் கூடத்தில் பொட்டு வெயில் இல்லை; பகலெல்லாம் விளக்குதான். மேட்டு வீட்டிலோ வெயில் கொட்டிக் கிடந்தது. சோல்வெய் காலை நீட்டிக் காபி குடிப்பதைக் குன்வோர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்ப்பாள். இங்கே யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. போட்டால் தோற்றதாகிவிடும் என்று இவளும் போடவில்லை. ஒருநாள் அழுதேவிட்டாள், பாவம்.

அன்றைக்கென்று சோல்வெய் குங்குமப்பூ ரொட்டியோடு வந்தாள்.

"அக்கா, பொழுது சாஞ்சா நாங்க டிவியே போடுறதில்ல. உங்க வீட்டைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அவ்ளோ அழகு! நீங்களும் ஒருநாள் வந்து பாருங்களேன்."

மறுநாள் குன்வோர் போனாள். இருட்டியபின் திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, அவ கூடத்துலருந்து பாத்தா நம்ம வீடு என்னமா ஜொலிக்குது! பின்னாடி ஏரி வேற!" என்றாள். "எல்லாம் அவளுக்குத்தான் வாய்க்குது. குடுத்து வெச்சவ!"