ஆரன் இல்லம் பாடிய நாள்

1. தொடாதே

பள்ளிக்கூட அரங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மேலாளர் லிண்டா ஓர் உத்தரவு போட்டார். அவர் சொன்ன ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த மாசக் கடைசியில இல்லப் பாட்டுப் போட்டி. அண்டைக்கு நீ சவுண்ட் டெஸ்க்குக்குப் பக்கத்தில இருக்கவேணும். ஆனா ஒண்டையும் தொடக்கூடாது."

"தொடாமல் எப்பிடி வேலை செய்யிறது?"

"அதுதான் வேலை. ஆருக்கும் கரண்ட் அடிச்சால் தொடு. கூரை விழுந்தால் தொடு. மற்றும்படி கை ரெண்டும் பொக்கற்றுக்குள்ள. வாயாலயும் சொல்லக்கூடாது, கண்ணாலயும் காட்டக்கூடாது. பிழை விட்டால் பிள்ளையள் விடட்டும்."

பகிடி விடுகிறாரோ என்று நினைத்தேன். நான் சவுண்ட் வேலை பழகியது டேஃப் என்கிற தொழிற்கல்லூரியில் பாதி, மெல்பேர்ணின் மேற்கில் டார்னெய்ட் பக்கத்து மண்டபங்களில் நடக்கும் நம்முடைய விழாக்களில் பாதி. அங்கே பிள்ளை மேடைக்கு வருவதற்கு முன்னமே மூன்று அங்கிள்மார் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். ஓர் அங்கிள் நேரே என் டெஸ்க்குக்கு வந்து, "தம்பி விடும், இதைக் கொஞ்சம் திருப்பினால் சரி" என்று தானே திருப்புவார். பிள்ளைகளுக்கு வேலை ஒன்றுதான்: சொன்ன இடத்தில் நின்று, சொன்னதைச் செய்து, கும்பிட்டுவிட்டுப் போவது. அதுதான் ஒழுங்கு என்று நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். அம்மா இன்றைக்கும் பெருவிரல் வைப்பவர். படகில் இந்த நாட்டுக்கு வந்து, தற்காலிக விசாவில் பல வருசம் இருந்ததால் பல்கலைக்கழகக் கனவை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தத் தொழிலைப் படித்தேன். அதனால்தான் பள்ளிக்கூடம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயமும் கனக்க மரியாதையும்.

இந்தப் பள்ளிக்கூடமோ, முன்னொரு காலத்தில் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர்கள் தொடங்கியது. மெல்பேர்ணின் கிழக்கில் இருக்கிறது. பிள்ளைகளை நாலு இல்லங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அவற்றுக்கு ஆரன், ஸ்கை, மல், ஐலா என்று ஸ்கொட்லாந்துத் தீவுகளின் பெயர்கள். காலையில் கட்டமிட்ட கில்ட் பாவாடை உடுத்த பிள்ளைகள், காற்றுப்பையும் குழல்களும் சேர்ந்த பைப் வாத்தியத்தை ஊதிக்கொண்டு புல்வெளியைச் சுற்றி வருவார்கள். முன்னால் தடியோடு நடத்திக்கொண்டு போவதும் ஒரு மாணவிதான். பின்னால் ரோபோ செய்கிற கூட்டம், விவாத அணி, விடியவே துடுப்புப் போடப் போய்விட்டு ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடுகிற கூட்டம். எந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் வாத்தியார் நிற்கமாட்டார், ஓர் ஓரமாகத்தான் நிற்பார். எனக்கு அதுவே பெரிய புதினம்.

2. மீன் மாதிரி வாயை அசை

இல்லப் பாட்டுப் போட்டியின் விதி இலேசானது. இல்லத்தில் உள்ள அத்தனை பேரும், ஏழாம் வகுப்புப் பொடியில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, மேடையில் நிற்கவேண்டும். பாட்டைத் தெரிவுசெய்வது, பழக்குவது, நடத்துவது எல்லாம் மாணவர்கள். டெஸ்க்கும் லைற்றும் திரையும்கூட அவர்கள் கையில்தான்.

பயிற்சிக்கு மேடைப்படிகள் அடுக்கிக்கொடுப்பது என் வேலை. அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆரன் இல்லத்துச் சண்டையைப் பார்த்தேன்.

ஆரனை நடத்தினது அபிராமி, பன்னிரண்டாம் வகுப்பு. எல்லாருக்கும் அபி. அவளுடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணம். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இல்லத் தலைவன் ஃபிரேசர், நல்ல பெடியன், ஆனால் வெற்றிப் பைத்தியம். ஆரன் முந்தின முறை கடைசி.

ஃபிரேசர் பின்வரிசையில் நின்ற நெட்டைப் பெடியன் ஒருவனைக் காட்டி, "டங்கன், நீ வழக்கம்போல மீன் மாதிரி வாயை மட்டும் அசை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டங்கனும் சிரித்தான். பாட வராத பிள்ளைகளை வாயசைக்க வைப்பது எல்லா இல்லங்களிலும் நடக்கிற வழக்கமாம்.

அபி மட்டும் சிரிக்கவில்லை. "என்ர இல்லத்தில ஆரும் வாயசைக்கிறேல்ல" என்றாள்.

"டங்கன் பாடினதை நீ கேட்டிருக்கிறியா? லொறி பின்னுக்கு வாற சத்தம்."

"கேட்டனான்."

"இந்த முறையும் கடைசியா வந்தால்?"

"வந்தால் மேடையில ஏறி மைக்கில சொல்லுறன், என்னாலதான் தோத்தது எண்டு. பிறகு நீ எல்லாரையும் மீனாக்கு."

பதினேழு வயதில் இப்படி ஒரு வார்த்தையை இத்தனை பேர் முன்னால் விட எனக்குத் துணிவு வந்திருக்காது.

அபி டங்கனைப் பியானோவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் ஒரு சுரத்தை அமத்த, அவன் வேறொன்றைப் பாடினான். அடுத்த சுரத்தை அமத்தினாள், அவன் அதையே பாடினான். எதை அமத்தினாலும் அவன் அந்த ஒரே சுரத்தில்தான் போய் நின்றான். பிள்ளைகள் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அபி பென்சிலைக் கடித்துக்கொண்டு, "திருப்பிப் பாடு" என்றாள். அவன் பாடினான். "இன்னொருக்கா." அதே சுரம். மயிரிழைகூட அசையவில்லை.

அடுத்த பயிற்சிக்கு அவள் வந்தபோது பாட்டின் சுருதியையே மாற்றியிருந்தாள். டங்கனுடைய சுரம் இப்போது பாட்டின் ஆதார சுரம். போனில் சுருதிப் பெட்டிச் செயலியைப் போட்டுக் காட்டினாள். சனிக்கிழமைகளில் கர்நாடக சங்கீதம் பழகுகிற பிள்ளை அவள். "இது பாட்டு முழுக்கக் கீழ ஓடிக்கொண்டே இருக்கும். அசையாது. அசையக்கூடாது."

பைப் பேண்டில் ஊதுகிற ஒரு பிள்ளை துள்ளி எழும்பினாள். "ஏய், அது எங்கட பைப்பில தோளில கிடக்கிற குழல், ஒரே சுரத்தை விடாமல் ஊதுற ட்ரோன்!"

"அதேதான். டங்கன், நீ ட்ரோன். பாட வராதெண்டு நினைக்கிற எல்லாரும் டங்கனோட போய் நில்லுங்கோ."

ஒவ்வொருவராகப் பத்துப் பன்னிரண்டு பேர் நடந்து பின்வரிசைக்குப் போனார்கள். அதில் இரண்டு பேர் பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து வருசம் வாயசைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் தூக்கின படியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். ஒரு பெடியனுக்காக ஒரு முழு இல்லத்தின் பாட்டையும் இறக்கிக் கட்டலாம் என்பது என் புத்திக்கு எட்டாத விசயம்.

3. முதுகுக்கு எந்தச் சனல்?

போட்டி மாலை. அரங்கம் நிறைந்துவிட்டது. டெஸ்க்கில் பத்தாம் வகுப்பு ஒலிவர் இருந்தான். பக்கத்தில் நான், கை பொக்கற்றுக்குள். பட்டுச்சேலை கட்டின ஓர் அன்ரி கதிரைகளுக்கு இடையால் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அன்ரி."

"எந்த இடம்?"

"மன்னார்."

"நல்லது. என்ர மகள்தான் ஆரனுக்கு நடத்திறது, அபிராமி. அவளின்ர மைக்கைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ, என்ன?"

"அவவுக்கு மைக் இல்லை அன்ரி. அவ பாடமாட்டா, மற்றவையைப் பாட வைப்பா."

"மைக் இல்லையோ! அப்ப முகத்துக்காவது நல்ல லைற் ஒண்டு போடுங்கோ."

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். "அவ சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிப்பா அன்ரி."

அன்ரி நெஞ்சில் கை வைத்தார். "முதுகையோ? ஸ்ட்ராத்ஃபீல்டில இருந்து அவளின்ர பெரியம்மாவைப் பிளேனில கூப்பிட்டு வைச்சிருக்கிறன், முதுகைப் பாக்கவோ?"

அவர் போன பிறகு ஒலிவர் என்ன விசயம் என்று கேட்டான். சொன்னேன். அவன் டெஸ்க்கில் மைக்குக்கு ஒன்றாக வரிசையில் இருந்த சனல்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதுகு எந்தச் சனலில வருது?" என்றான்.

4. பியானோ

ஆரன் மூன்றாவதாக மேடையேறியது. ஸ்கொட்லாந்து மீனவர் துடுப்புப் போடும்போது பாடுகிற பழைய பாட்டு. முதலில் ட்ரோன் மட்டும். பின்வரிசையில் இருந்து அந்த ஒற்றைச் சுரம் தரையை ஒட்டி வந்தது. அதற்கு மேல் பியானோ, அதற்கு மேல் இல்லம் முழுக்க. என் கையில் மயிர் சிலிர்த்தது.

இரண்டாவது சரணத்தில் முன்வரிசைப் பொடியன் ஒருவன் அரை அடி பின்னுக்கு வைத்தான். பியானோ செத்துப்போனது.

அது மின் பியானோ. அதில் எப்போதும் எரிகிற சிறு பச்சை லைற் அணைந்திருந்ததை நான் அந்தக் கணமே கண்டுவிட்டேன். பொடியனின் கால் பட்டு கரண்ட் வயர் கழன்றுவிட்டது. வேறொன்றும் இல்லை. ஆனால் ஒலிவர் மேடையைப் பார்க்கவில்லை, டெஸ்க்கைப் பார்த்தான். சனலில் பிழை என்று நினைத்து மியூட்டைத் தட்டினான், கெயினைத் திருப்பினான், பியானோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை உச்சிக்குத் தள்ளினான். வயர், வயர் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

விதிப்படி கருவி பழுதானால் நடத்துகிறவர் இரண்டு கையையும் உயர்த்தி நிறுத்தலாம். முதலில் இருந்து பாடலாம், புள்ளி வெட்டமாட்டார்கள். நிறுத்து பிள்ளை, நிறுத்து என்று மனதுக்குள் கத்தினேன். அபியின் முதுகு ஒருக்கால் விறைத்தது. தோள் இரண்டும் மேலே போயின. பிறகு மெல்ல இறங்கின. அவள் நிறுத்தவில்லை. வலது கை தாளத்தை விடவில்லை. இடது கையை மட்டும் பின்வரிசைப் பக்கம் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கப் பிடித்தாள்.

ட்ரோன் அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பியானோ வாசித்த பிள்ளை கையை மடியில் வைத்துவிட்டுத் தானும் பாடத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் தொழில் விசயம் ஒன்று சொல்லவேண்டும். வாத்தியம் இல்லாமல் கூட்டமாகப் பாடினால் சுருதி தெரியாமலே கீழே இறங்கும். பாடுகிறவர்களுக்கு அது விளங்காது. வாத்தியம் திரும்பவும் சேருகிற இடத்தில்தான் குட்டு வெளிப்படும், காதைப் பிளக்கும். மேடைக்கு உதவியாக நின்ற கறுப்புச் சட்டைப் பிள்ளை ஒன்று பியானோவுக்குப் பின்னால் தவழ்ந்து போவதைக் கண்டேன். வயரைப் பிடித்துவிட்டாள். இனிப் பியானோ வரும். வந்தால் சுருதி சேருமா? சேர்ந்தாலும் ஃபேடர் உச்சியில் கிடக்கிறதே, அரங்கமே அதிரும். என் கை பொக்கற்றில் இருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

ஒலிவர் அப்போதுதான் மேடையைப் பார்த்தான். பச்சை லைற் எரிந்தது. "ஓ" என்றான். ஃபேடரை அடிவரைக்கும் இழுத்துவிட்டு, விரலால் மெல்ல மெல்ல ஏற்றினான்.

கடைசிச் சரணத்தில் பியானோ சேர்ந்தது. சுருதி பிசகாமல் அச்சொட்டாகச் சேர்ந்தது. அந்த இல்லம் முழுதும் டங்கனுடைய சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அவனுக்கு அசையத் தெரியாது. அதனால் ஆரும் அசையவில்லை. நான் இந்த நாட்டில் பெரிய பெரிய கச்சேரிகளுக்கு வயர் இழுத்திருக்கிறேன். அப்படி ஓர் அரை நிமிடத்தைக் கேட்டதில்லை.

5. பிறகு

ஆரன் இரண்டாவது. நடுவராக வந்த பெண்மணி, "நடுவில புள்ளி போடுற பென்சிலை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான்" என்று சொன்னார். ஃபிரேசர் ஓடிப்போய் டங்கனைத் தூக்கப் பார்த்தான். இரண்டு பேரும் படியில் இருந்து உருண்டார்கள். அபி மைக்கில் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. படியில் இருந்துகொண்டு முகத்தைப் பொத்தி அழுதாள். அன்ரி அதைத்தான் நல்ல வெளிச்சத்தில், கிட்ட நின்று, வீடியோ எடுத்தார்.

ஏன் நிறுத்தவில்லை என்று அபியிடம் கேட்டேன். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "எல்லாரும் பாடிக்கொண்டிருந்தவை. நான் ஏன் நிப்பாட்டவேணும்?"

லிண்டாவிடம், வயர் கழன்றதை முதல் கணமே கண்டதாகச் சொன்னேன். "நானும் கண்டனான்" என்றார். "அரங்கத்தில இருந்த பெரிய ஆக்கள் பாதிப்பேர் கண்டிருப்பினம். நீ போய் வயரைச் செருகியிருந்தால் ரெண்டு செக்கனில பியானோ வந்திருக்கும். அவ்வளவுதான் வந்திருக்கும்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான். வயர் சுற்றவும் மைக் வைக்கவும் ஆரும் பழக்கிவிடுவார்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது, தெரிந்ததைச் செய்யாமல் இருக்கப் பழகவேண்டும். அது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. முயற்சி செய்கிறேன்.

சனம் கலைந்த பிறகு வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். டங்கன் வந்து டெஸ்க்குக்குப் பக்கத்தில் நின்றான். ரெக்கோர்டிங் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. ஹெட்போனைக் கொடுத்து, பியானோ இல்லாத அந்த இடத்தைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இதில எது நான்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தனியாக் கேக்காது" என்றேன். "எல்லாரோடையும் சேந்துதான் இருக்கிறாய்."

அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்கோ" என்றான்.