பிரவுசர் திறக்காத முகவரி

வேலம்பாளையத்தில் அக்காவும் மாமாவும் ஒரு சிறிய பனியன் யூனிட் நடத்துகிறார்கள். ஐரோப்பாவில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவர்களிடம் நெடுநாளாகச் சரக்கு வாங்கும் பையர். சட்டையில் அச்சடிக்க வேண்டிய படங்களை அவர் தன் சர்வரில் போட்டுவிடுவார். எஃப்டிபி என்று தொடங்கும் அந்த முகவரியை அக்கா பிரவுசரில் திறந்து படங்களை எடுத்துக்கொள்வார்.

இந்த முறை அது திறக்கவில்லை. பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கியிருந்தார்கள். அதிலிருந்த பிரவுசர் அந்த முகவரியைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே விடுமுறைக் காலம். மெயிலுக்குப் பதில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. பையர் பேசாமல் இருந்தால் திருப்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“கடையச் சாத்திட்டாங்க மாப்ள,” என்றார் மாமா, அன்று அங்கே போயிருந்த என்னிடம்.

அவர் ஆர்டருக்கான வெளிர் மஞ்சள் துணி ரோல் ரோலாகத் தயாராக இருந்தது. அதைக் கறுப்புச் சாயம் ஏற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிடுவது என்று முடிவுசெய்து, சாயப்பட்டறை வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார். கறுப்பானதை மறுபடி மஞ்சளாக்க முடியாது.

“சித்த இருங்க. தம்பி பாக்கட்டும்,” என்றார் அக்கா.

“உன்ற தம்பி பேப்பர்ல இருந்தவரு. கடை மூடுன சேதிய நாளைக்குத்தான் சொல்லுவாரு.”

பத்திரிகையில் இருந்தபோது பக்கங்களை அச்சகத்துக்கு நாங்கள் அனுப்பியது கோப்புகளைக் கைமாற்றும் இந்த எஃப்டிபி வழியாகத்தான். கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து முகவரியைக் கொடுத்தேன். உடனே ஒரு வரி வந்தது: நல்வரவு. பெயரைக் கேட்டது, கடவுச்சொல்லைக் கேட்டது. பிறகு கோப்புகளின் பெயர்கள் வரிவரியாக விழுந்தன. கடைசியில் இந்தப் பருவத்துப் படங்கள், நேற்றைய தேதியோடு. மனிதர் விடுமுறையிலும் வேலை செய்திருக்கிறார்.

மாமா வாசலுக்கு ஓடினார். “எறக்குங்க! ரோல் பூராத்தையும் எறக்குங்க!”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள, நான் பிறப்பதற்கு முன்பே வகுத்த பேச்சுமுறை அது. பிரவுசர்கள் தன்னைக் கைவிட்டது அந்தச் சர்வருக்குத் தெரியாது. யார் தட்டினாலும் பதில் சொல்லக் கடல்களுக்கு அப்பால் அது விழித்திருந்தது.

“அப்பறம் ஏன் இந்தப் பிரவுசரு தொறக்கல?” என்று அக்கா கேட்டார்.

“கடவுச்சொல் அதுல மறைக்காமப் போகுதுக்கா. பாதுகாப்பு இல்லைன்னு எடுத்துட்டாங்க.”

“கதவுக்குப் பூட்டு இல்லீன்னா ஊடே இல்லீன்னு சொல்லிருவாங்களா?”

இதைவிடப் பழைய முறைகளின் முகவரிகளையும் பிரவுசர் திறக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலையற்ற ஆசை என்று நினைத்திருந்தேன். எல்லா வழியையும் பராமரிப்பது பெரிய சுமை என்பது இன்றும் உண்மைதான். ஆனால் ‘அந்த வழியில் நான் போவதில்லை’ என்று ஒரு வரியாவது பிரவுசர் சொல்லியிருக்கலாம். அது சொல்லாததால், திறந்திருந்த ஒரு மனிதரின் கடையை இங்கே நாங்களே மூடிவிட்டோம்.

படங்கள் இறங்கி முடிந்ததும் விடைபெறும் கட்டளையைத் தட்டினேன். ‘சென்று வாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து இணைப்பு அறுந்தது. திரும்பி வந்து பின்னால் நின்றிருந்த மாமா அதைப் படித்தார்.

“போறப்பச் சொல்லிட்டுப் போகுதுங்களா?” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னொருக்காக் கூப்பிடுங்க மாப்ள. மொதல்ல இருந்து பாக்கோணும்.”