இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு

முதல்தரப் போட்டியில் ஆட ராஜவேலுக்கு இடம் கிடைத்தபோது அவனுக்கு முப்பது வயது. அதுவரை எட்டு ஆண்டுகள் அணியின் வலைப்பயிற்சியில் மட்டும் பந்து வீசினான். மட்டையாளர்களுக்கு இடதுகைச் சுழலைப் பழக்கிவிட அவன் வேண்டும். ஆட்டத்தன்று நிர்வாகிகளுக்கு வேண்டியவர்களின் பிள்ளைகள் ஆடுவார்கள். கேட்டால் அணியின் சமநிலை என்பார்கள்.

தலைநகரின் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழன். சின்ன வயதில் இடது கையால் சோறு அள்ளினால் அம்மா அருக்காணி கரண்டியால் புறங்கையில் போடுவாள். அந்தக் கைதான் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்குக் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தது. மெட்ரோவில் நின்றாலும் கோப்பு புரட்டினாலும் அந்த விரல்கள் ஒரு பழைய பந்தை உருட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த ஜனவரிக் காலையில் மூடுபனி விலகக் காத்திருந்தபோது, அணியின் மேனேஜர் ஒரு பூசாரியை அழைத்து வந்தார். எல்லோர் வலது கையிலும் சிவப்புக் கயிறு கட்டப்பட்டது. ராஜவேலுக்கு மட்டும் விக்கெட் எடுக்கிற கையிலேயே கட்டச் சொன்னார் மேனேஜர். அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயத்தில் கையை நீட்டினான். அங்கேதான் தவறினான்.

அவன் இரண்டு பந்து வீசியதுமே மட்டையாளர் நடுவரிடம் முறையிட்டார். பந்தும் சிவப்பு, தொங்கும் கயிறும் சிவப்பு, கை சுழலும்போது கண் ஏமாறுகிறது என்றார். கயிற்றை எடு, இல்லாவிட்டால் வீசாதே என்றார் நடுவர். எல்லைக்கோட்டுக்கு வெளியே மேனேஜர் கூடாது என்று தலையாட்டினார். மாற்று ஆட்டக்காரர் ஓடிவந்து, கயிற்றை அறுத்தால் அணிக்கே ஆகாதாம், பந்தை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டுமாம் என்றார்.

கேப்டன் நிகில் தோளில் கை போட்டு இந்தியில் சொன்னான்: "பாய், அறுத்தா இதுதான் உனக்குக் கடைசி மேட்ச். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அறுக்கலைன்னா இதுவுமே என் மேட்ச் இல்லையே, பாய்."

ராஜவேல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து நடுவர் கையில் வைத்தான். மாலைக்குள் ஐந்து விக்கெட் எடுத்தான். நான்காம் நாள் அணி வென்றது. மற்ற பத்துக் கயிறுகள்தான் காப்பாற்றின என்றார் மேனேஜர். அடுத்த ஆட்டத்துக்கான அணியில் ராஜவேல் இல்லை. மறுபடியும் சமநிலை! ஐந்து விக்கெட்டைவிட அரை முழ நூலை நம்புகிறவர்கள், இவன் திறமையை எடைபோடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது பாட்டுக்குக் கையில கெடந்தா என்ன கண்ணு கெட்டுப்போச்சு?" என்று புலம்பினாள் அருக்காணி.

"பந்து கெட்டுப்போயிருக்கும்மா."

அவள் காப்பி டம்ளரை நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான். அவள் கை கரண்டியைத் தேடவில்லை.

அடுத்த பருவத்து அணித் தேர்வுக்கும் போனான். வாசலிலேயே கயிற்றுத் தட்டோடு அதே பூசாரி. பக்கத்தில் அதே மேனேஜர். கையை நீட்டு என்றார். ராஜவேல் நீட்டினான், உள்ளங்கையை விரித்து, பந்துக்காக.

"முதல்ல பந்தைக் கொடுங்க சாப்."

மேனேஜர் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டார். நண்பகல்வரை ராஜவேலின் பெயரை யாரும் அழைக்கவில்லை. அவன் வீட்டுக்கும் போகவில்லை. மைதானத்தின் சுற்றுச்சுவரில் வெளிப்புறம் கரியால் ஸ்டம்புபோல மூன்று கோடு கிழித்து, தன் பழைய பந்தை உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி வீசிக்கொண்டிருந்தான்.