பென்சில் கோடு போட்ட வரி

ஜூலை 9, புதன். வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, செங்கம் சாலைக் கடையில் வாங்கிய மனநலப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தேன். பிடித்த வரிகளுக்குப் பென்சிலால் கோடு போட்டு, காய் நறுக்கும் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது என் பழக்கம். நான்கு மாதம் முன்பு மார்பில் கட்டி இருப்பதாக அவள் சொன்னபோதும், பயந்தால்தான் நோய் வளரும் என்ற வரியைத்தான் வாசித்தேன். அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்று வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனோம்.

"இவ்ளோ பெருசாகிற வரைக்கும் ஏம்மா வரல?" என்றார் டாக்டர்.

"வீட்ல வேல ஜாஸ்திங்க," என்றாள், என்னைப் பார்க்காமல்.

வெளியே வந்ததும், "உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா உங்களத் திட்டுவாரு. கட்டி கம்மியாயிடுமா?"

ஜூலை 10, வியாழன். ஐந்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவளுடைய ஃபைலோடு போய், ஸ்கேன் டோக்கன் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.