பிரேக்கம்மாவின் பதினெட்டு மாதம்

பூட்டிய வீட்டுக்குள் போகாத ஒருத்தியை, போக விரும்பாதவள் என்று சொல்ல முடியுமா? ஒருவருக்குக் கிடைக்காமல் போனது எது, அவரே வேண்டாம் என்று விட்டது எது என்பது வெளியே நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பிரேக்கம்மாவைப் பொறுத்தவரை நாற்பத்தொரு வயது வரை இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லை, பாவம் என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங்கும் ஆக்ஸிலேட்டரும் கற்பவர் வசம். ஆசிரியைக்கு அந்த ஒரு பிரேக்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் காரில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியவர் அவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பிரேக்கம்மா என்ற பெயர் காதில் விழுந்தபோது, "நேர்லயே கூப்பிடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். பேருந்தில் பயணியாகப் போகும்போதும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டேயிருக்கும்.

பெரிய உடம்பு. நூற்றிருபத்தாறு கிலோ. யாராவது அதைப் பற்றி வாயெடுப்பதற்கு முன் அவரே முந்திக்கொள்வார்: "நான் உக்காந்தா போதும், காத்தடிச்சாலும் வண்டி அசையாது." முப்பத்தொன்பதில் மாதவிலக்கு நின்றது. அம்மாவுக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது, தனக்கும் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டார். எந்த மருத்துவரிடமும் போகவில்லை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பும் பழக்கம் இல்லாதவர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் இப்படிச் செய்தார்.

ஒரு நாள் காலை, புதிதாகச் சேர்ந்த வங்கி அதிகாரி ஒருவர் பதற்றத்தில் காரை ஒரு வீட்டு வாசல் தூண்மேல் விட்டார். பிரேக்கம்மா காலைத் தூக்கினார். வயிறு தடுத்தது, முழங்கால் மடங்க மறுத்தது. அரை நொடி தாமதம். முன்விளக்கு நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை. வங்கி அதிகாரி மன்னிப்புக் கேட்டபடியே நிற்க, பிரேக்கம்மா சிரமப்பட்டுக் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

"உங்க தப்பு இல்ல சார். கால் என்னோடது."

அடுத்த வாரமே இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தார். அழகு, பிள்ளை என்றெல்லாம் அப்போது அவர் மனதில் எதுவும் இல்லை. அந்த அரை நொடியைத் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு முன் ஒரு பெண் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார்.

"காப்பர் டி போட்டுக்கணும்."

"எனக்கா? கடையைச் சாத்தி ரெண்டு வருஷமாச்சு டாக்டர்."

"உங்களுக்கு இன்னும் நிக்கலைம்மா. ரத்தப் பரிசோதனையில தெரியுது. எடை அதிகமானதால கருமுட்டை வெளிய வராம இருக்கு. இளைச்சா வரலாம்."

அறுவைக்குப் பின் பதினெட்டு மாதம் கருத்தரிக்கக் கூடாது, உடம்பு வேகமாக இளைக்கும் காலத்தில் பிள்ளைக்குச் சத்துப் போதாது என்றார் மருத்துவர். கருத்தடை மாத்திரையையும் நம்ப முடியாதாம், வயிறு அதைச் சரியாக உறிஞ்சாமல் போகலாம். அதனால்தான் காப்பர் டி. பிரேக்கம்மா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் வகுப்பை முடித்ததும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் கணவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏங்க, வந்துடுச்சு."

"யாரு வந்தது? வாசல்லயே நிக்க வச்சிருக்கியா?"

"ஐயோ, விருந்தாளி இல்லைங்க. எனக்குத்தான், நின்னுபோனது."

பல வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளை என்ற சொல் மறுபடி நடமாட ஆரம்பித்தது. கூடவே அவசரமும் வந்தது. நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள்.

"அண்ணி, பதினெட்டு மாசம்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா அதுக்குள்ள நிஜமாவே நின்னுடும். அப்புறம் போன பஸ்ஸுக்குக் கை காட்டின கதைதான்."

"சிக்னல் சிவப்பா இருக்கு. நீ பின்னாடி நின்னு ஹாரன் அடிக்கிற."

"பச்சை விழறப்போ வண்டியில பெட்ரோல் இருக்குமா?"

நாத்தனார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தும் அவர் அசையவில்லை. வேளைக்கு நாலு கரண்டி சாப்பாடு; ஐந்தாவது கரண்டி உள்ளே போனால் வாந்தி. இரும்பு, கால்சியம், வைட்டமின் என்று வரிசையாக மாத்திரைகள், ஒரு நாள்கூடத் தவறாமல். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. எடை எண்பதுக்கு வந்தது. கால் இப்போது பிரேக்கைத் தொட்டுவிட்டு, மாணவர் தானே சுதாரிக்கிறாரா என்று காத்திருந்தது. புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அந்தக் காத்திருப்பை நல்ல ஆசிரியரின் குணம் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

கணவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன அறையில் அடுக்கியிருந்த மூக்குக்கண்ணாடி ஃபிரேம் பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்தார். "தூசு" என்றார். பிரேக்கம்மா ஈரத்துணி கொண்டுவந்து அந்த அறையின் ஜன்னலைத் துடைத்தார்.

பதினேழாவது மாதம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறியது. ஏசியை முழுதாகத் திருப்பினார். "குளிருது மேடம்" என்றாள் கற்றுக்கொள்ள வந்த பெண். "கண்ணாடியை இறக்கும்மா, ரோட்டைப் பாரு."

மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: "எடை குறைஞ்சா சிலருக்கு இந்தச் சூடு குறையுது, சிலருக்குக் கூடுது. உங்களுக்கு இது நிஜமாவே நிக்கப்போறதுக்கு அறிகுறியா இருக்கலாம். இந்த ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு அது நின்னதுக்கப்புறம் எலும்பு சீக்கிரம் தேயலாம், கால்சியத்தை விடாதீங்க. பிள்ளை வேணும்னா அடுத்த மாசம் காப்பர் டியை எடுத்துடலாம். நேரம் இருக்கு, ஆனா நிறைய இல்ல."

அடுத்த மாதம் கணவர் விடுப்புப் போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கூடவே வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊருக்கே கற்றுக்கொடுப்பவர் அவரிடம் மட்டும் தோற்றுவிட்டார். மருத்துவமனை வராந்தாவில் கணவர் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிரேக்கம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தார்.

"எடுத்தாச்சா?"

"இல்லைங்க. இருக்கட்டும்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை பிரேக் போட்டது நான்."

"பயமா?"

"இல்ல."

"என் தங்கச்சி ஏதாவது சொன்னாளா?"

"அவ என்னைக்குச் சொல்லாம இருந்தா? அதுக்கு இல்ல."

"அப்போ?"

பிரேக்கம்மா படியிறங்கினார். "வாங்க, போலாம்" என்றார். காரில் கணவர் பெல்ட்டை மாட்டும்வரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்றாம் நாள் தங்கை வந்து விசாரித்தபோது, இருபது வருடமாக யார் கேட்டாலும் தரையைப் பார்த்து "அமையலை" என்று முணுமுணுத்த மனிதர், தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"அவ வேண்டாம்னுட்டா."

"ஏனாம்?"

"அதை அவகிட்டயே கேளு."

நாத்தனார் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். பிரேக்கம்மா அன்றைய கால்சியம் மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.