ஒரு வாய் வெற்றிலைக்கு எத்தனை சுற்று

பாக்கை வைத்து மடித்த வெற்றிலை வாய்க்குள் போன மறுகணமே ஸம்ஸியா உம்மாவின் கண் மின்சார மீட்டருக்குத் தாவிவிடும். மீட்டருக்குள் கரண்ட் ஓடும் வேகத்தில் சுழலும் ஒரு சில்லு, சில்லின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. வெற்றிலை நன்றாகச் சிவந்து படிக்கத்தில் துப்பும்வரை, புள்ளி எத்தனை தரம் வந்து போகிறது என்று விரல் மடிப்பார். வீட்டில் மணிக்கூடு இல்லாமல் இல்லை. பற்றரியில் ஓடுகிற மணிக்கூட்டுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் கட்சி.

சாய்ந்தமருதில் கலியாண உடுப்புத் தைக்க அவரை விட்டால் ஆளில்லை. தைப்பது கால்மிசினில். "என்ட மிசின் ஒரு சொட்டுக் கரண்ட் குடிக்காது கா" என்று துணி கொண்டுவரும் பெண்களிடமெல்லாம் பெருமையடிப்பார். மற்றவையெல்லாம் அவர் கணக்கில் குடிகாரக் கூட்டம். ஃபேன் அளவோடு குடிக்கும், மன்னிக்கலாம். ஸ்திரிக்கைப் பெட்டி பெருங்குடிகாரன். பெருநாளைக்கு மட்டும்தான் அது அலுமாரியை விட்டு வெளியே வரும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் குவைத்திலிருந்து லீவில் வந்த மருமகன் ஜவுபர் ஒரு டிவி கேமைக் கொண்டுவந்து இறக்கினார். அதன் வயரைக் கறுப்பு வெள்ளை டிவியில் செருகி, ஆளுக்கொரு பிடியைத் திருகி, திரையில் ஓடும் வெள்ளைப் பந்தைத் தட்ட வேண்டும். அவரோடு எதிர்ப்பக்கம் ஆடியது உம்மாவின் மகள், அவர் பெண்சாதி றாஹிலா.

"கேட்டியா பூனை? இந்தச் சாமான் ஃபேனுக்கு மேல குடிச்சா, அலுமாரிக்குள்ள போட்டுப் பூட்டிருவன்."

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அங்கே இல்லை. உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காலடியில் கிடக்கும் பூனையைத்தான் அதட்டுவார். ஜவுபரும் அதே பூனைக்குத்தான் பதில் சொல்லுவார். பூனை இருவரையும் சட்டை செய்ததில்லை.

டிவியையும் கேமையும் தவிர எல்லாவற்றையும் அணைத்து அளவெடுப்பு நடந்தது. மீட்டர் இருக்கிற நடையில் நின்றால் திரைச்சீலை இடுக்கில் டிவியும் தெரியும். உம்மாவின் ஒரு கண் சில்லில், மறுகண் பந்தில். விரல் மடிந்துகொண்டே இருந்தது, வாய் மட்டும் பந்தோடு போய்விட்டது. ஒருவழியாக மென்று துப்பியபோது, கேம் ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சரிசமமான குடிகாரன் என்று முடிவாயிற்று.

ஜவுபருக்குப் பொறுக்கவில்லை. "பூனையாரே, மாமிட வாய் நிண்டுட்டு, சில்லு நிக்கல்ல. வெத்திலைய மெல்லாம வெச்சிருந்தா மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பும் கரண்ட் குடிக்கும்!"

தன் அளவில் பிழை பிடித்த முதல் ஆள்! உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்குத் திரும்ப அளந்து பாப்பம், பூனை."

மறுநாள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் சில்லை விட்டு அசையவில்லை. காதை என்ன செய்வது?

"பந்த விட்டுட்டீங்க! தோத்துட்டீங்க மச்சான்!"

"கள்ளி, இன்னொருக்கா வா!"

றாஹிலா சிரித்தாள், மூச்சு முட்டும்வரை சிரித்தாள். ஜவுபர் குவைத்துக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. லீவு முடிய ஒரு கிழமைதான் இருந்தது. சில்லுக்கு ஈவிரக்கம் ஏது? புள்ளி வந்தது, போனது, மறுபடி வந்தது. இன்னும் ஒரு விரல் மடிந்தால் ஃபேனைத் தாண்டிவிடும்.

உம்மா சட்டென்று குனிந்து படிக்கத்தை இழுத்துத் துப்பினார்.

"முடிஞ்சிது பூனை. ஃபேனை விடக் குறைவுதான். விளையாடட்டும்."

பூனை மட்டும் எழுந்து வந்து படிக்கத்துக்குள் எட்டிப் பார்த்தது. வெற்றிலை இன்னும் பச்சையாகவே கிடந்தது.