காயாத பின்சீட்டு

அந்த மெத்தை வச்ச நாற்காலி வேணாம் தம்பி, இந்தப் பெஞ்சுலயே உக்காருங்க. ஏன்னு கடைசில சொல்றேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், பேயி, பிசாசு, காத்துக்கருப்பு, இதையெல்லாம் நம்புன ஆளு நான் கெடையாது. போடிமெட்டு ரோட்டுல பிளஷர் ஓட்டுனவன் நான், அப்பல்லாம் காரை பிளஷர்னுதான் சொல்றது. எத்தனையோ தடவை டயர் வெடிச்சு அந்த வளைவுகள்ல மஞ்சுக்குள்ள தனியாக் கெடந்திருக்கேன், ஒரு பேயும் வந்து எங்கிட்ட வெத்தலை கேட்டதில்லை. எவனாவது கதை சொன்னா கேலி பண்ணியே அவனை ஓட விட்ருவேன். அப்பேர்ப்பட்ட நான் சொல்றேன், நம்புனா நம்புங்க, இல்லாட்டி சிரிச்சுட்டுப் போங்க. உள்ள எம்பொண்டாட்டி பேச்சியம்மா இருக்கா, அவகிட்டயும் கேட்டுக்கங்க.

வெள்ளைக்காரன் போயிப் பத்து வருசம் இருக்கும். மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்க மொதலாளிக்கு ஏலத்தோட்டம், கப்பலேறிப் போன ஒரு தொரகிட்ட அவரு வாங்குன பழைய வண்டி, நாந்தான் டிரைவர். பேச்சிக்குத் தலைப்பிரசவம், நெறமாசம். சிலமலைல அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடணும்னு நாளு பாத்துக்கிட்டு இருந்தப்பத்தான் ஆடி மழை புடிச்சுச்சு. இன்னைக்கு விடும், நாளைக்கு விடும்னு தள்ளிப் போட்டதுல ஒரு நாள் காலைல இடுப்பு வலி வந்துருச்சு.

கூலியாளுங்க குடியிருக்குற லயத்துல பிரசவம் பாக்குற குருவம்மா வயித்தத் தடவிப் பாத்துட்டு வெளிய வந்தாங்க. மொகமே சரியில்லை. "பிள்ளை குறுக்க கெடக்குப்பா. இது என் கையில அடங்காது. வெரசாப் போடிக்குக் கொண்டு போ, பொழுது சாயுற வரைக்கும் தாங்காது" அப்டின்னாங்க.

தோட்டத்து ஜீப்பு லோடு ஏத்திக்கிட்டுப் போடிக்குப் போயிருச்சு. மழைக்குப் பஸ்சு மேல ஏறல. டோலி கட்டித் தூக்கிட்டுப் போகலாம்னா அந்த வழுக்கல்ல எப்பப் போயிச் சேர்றது? பிளஷர்தான் கதின்னு ஷெட்டுக்கு ஓடுனேன். காத்து ஷெட்டுத் தகரத்தப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு, முன்கண்ணாடி ரப்பர் ஏற்கெனவே வெடிச்சுப்போனது, அது வழியாத் தண்ணி பூராம் உள்ள எறங்கியிருக்கு. கதவைத் தொறக்குறேன், எங்கால்ல தண்ணி கொட்டுது. மிதியடி மெதக்குது. சாவியப் போட்டு செல்ப் இழுத்தா ஒரு மொனகல் கூட இல்லை. அந்த எடத்துலயே உக்காந்து அழுதுட்டேன் தம்பி, வெக்கமில்லாம சொல்றேன்.

வேற ஆளா இருந்தா வெயிலுக்குக் காத்திருப்பான். ஆடி மாசம் அந்த மலைல வெயிலு ஏது? ஆனா தோட்டத்துல ஒரே ஒரு எடம் மட்டும் எப்பவும் காஞ்சு கெடக்கும், ஏலக்காய் காயப்போடுற ஸ்டோரு. பெரிய அறை, வெளிய அடுப்புல வெறகு எரியும், அந்தச் சூடு தகரக் கொழாய் வழியா அறைக்குள்ள சுத்தி வரும், மேல தட்டுத் தட்டாப் பச்சைக் காயி. தீ போட்டுட்டா ஈர ஒடம்போட, ஈரத் தலையோட ஒருத்தரும் உள்ள காலு வைக்கக் கூடாது. ஆவி அடிச்சாக் காயோட பச்சை நெறம் போயி வெளுத்துரும், போடி ஏலத்துல ஒரு வியாபாரி கையில எடுக்க மாட்டான். ஸ்டோரப் பாத்துக்கிட்டவரு மொக்கையன், எனக்கு மாமன் மொறை. சொட்டுற கொடையோட வந்தாருன்னு மொதலாளி மருமகனையே வெளிய தள்ளிக் கதவச் சாத்துன மனுசன்.

அவருகிட்டப் போயி நின்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"பேச்சிக்கா?"

"ஆமா மாமா."

"இந்த வருசக் காயி போனா அடுத்த வருசம் காய்க்கும். கொண்டா மாப்ளே, எல்லாத்தையும் உள்ள கொண்டா."

அவருக்கு அது வேலையே போற காரியம். தெரிஞ்சுதான் சொன்னாரு.

ரெண்டு பேரும் பேயா வேலை பாத்தோம். பிளக்குக்குக் கரண்டு பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்தா உள்ள முத்து முத்தாத் தண்ணி. மூடி, வயரு எல்லாத்தையும் காய்த் தட்டுக்கு எடையில தொங்கவிட்டோம். பிளக்கெல்லாம் கழட்டி அடுப்பு வாயில தணல்ல காட்டுனேன். பின்சீட்டு பெஞ்சாட்டம் மொத்தமா கழண்டு வரும், உள்ள குதிரை முடி அடைச்சது, நனஞ்சதும் செத்த மாடு கனம் கனத்துச்சு. அதைத் தூக்கிக் கொழாய் மேல கம்பு போட்டு வச்சோம். ஆவி குபுகுபுன்னு கெளம்புது, மாமா காயைப் பாக்குறாரு, நான் லயத்தப் பாக்குறேன், அங்கருந்து பேச்சி கத்துறது கேக்குது.

மத்தியானத்துக்கு மேல எல்லாம் காஞ்சுருச்சு. சீட்டத் தடவுனா மொறுமொறுன்னு இருக்கு. வலது ஓரத்துல மட்டும் ஈரம். ஒரு ஆளு உக்காந்து எந்திரிச்சா எவ்வளவு எடம் இருக்கும், அவ்வளவு எடம். சாயுற பலகையிலயும் ஒரு முதுகு அகலத்துக்கு ஈரம். சரி, அங்க தண்ணி அதிகமா நின்னிருக்கும்னு அடுப்புல மணலை வறுத்துச் சாக்குல கட்டி அது மேல வச்சோம். கொஞ்ச நேரத்துல எடுத்தா மணலு சில்லுன்னு இருக்கு. அந்த அறைக்குள்ள நமக்கு மூச்சு முட்டுது, வேர்வை ஊத்துது, அந்த எடம் மட்டும் சுனைத் தண்ணியாட்டம் குளிருது. சீட்டப் பொரட்டிப் பாத்தாரு மாமா, அடியில குதிரை முடி பொட்டுத் தண்ணி இல்லாமக் காஞ்சு கெடக்கு. மேல மட்டும் ஈரம்.

மாமா கையை வேட்டியில தொடச்சுக்கிட்டாரு. "மாப்ளே, இந்தச் சீட்டு வேணாம். பலகைய வச்சுப் படுக்கப் போட்டுக் கொண்டு போ."

அந்த ரோட்டுல பலகை மேல போட்டா வயித்துப் பிள்ளை என்னத்துக்கு ஆகும்? கம்பிளிய மடிச்சுப் போட்டு சீட்ட மாட்டுனேன். இஞ்சினுக்கு முன்னாடி கைப்பிடிய விட்டுச் சுத்துனதும் வண்டி கெளம்பிருச்சு. ஈரமான ஓரத்துல குருவம்மா உக்காந்தாங்க, அவங்க மடியில பேச்சி தலை. மெட்டுத் தாண்டி ரெண்டு வளைவு எறங்கல, குருவம்மாவுக்குப் பல்லு தந்தியடிக்குது. "என்னப்பா இது, கம்பிளிய மீறி ஈரம் ஏறுது, என்னால உக்கார முடியலப்பா"ன்னாங்க. நிறுத்துனேன். எடம் மாறுனாங்க. பேச்சி அந்த ஓரத்துல உக்காந்து சாஞ்சா பாருங்க, அதுவரைக்கும் கத்திக்கிட்டு வந்தவ கப்புனு அமைதியாயிட்டா. "இங்க சில்லுன்னு நல்லாருக்கு"ன்னு சொன்னா. போடி வர்ற வரைக்கும் அவகிட்டருந்து சத்தமே இல்லை. உசுரு இருக்கா போயிருச்சான்னு தெரியாம ஓட்டுனேன், திரும்பிப் பாக்கத் தைரியம் வரல.

இருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டரம்மா வயித்தத் தடவிட்டு, பிள்ளை நேராத்தான இருக்கு, யாரு குறுக்கன்னு சொன்னதுன்னு கேட்டாங்க. பொம்பளப் பிள்ளை. பொறந்ததும் அழுகல, நீலமாக் கெடந்துருக்கு. தலைகீழாப் பிடிச்சுத் தட்டவும் வாயிலருந்து தண்ணி வந்துச்சாம், அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சாம், அப்புறந்தான் அழுதுச்சு. ஈஸ்வரின்னு பேரு வச்சோம்.

சாயங்காலம் சீட்டக் கழுவலாம்னு போயிக் கதவத் தொறந்தேன். அப்பளமாட்டம் காஞ்சு கெடக்கு, ஒரு கறை கூட இல்லை. ஸ்டோர்ல இருந்த காயும் வெளுக்கல, அந்த வருசம் அவ்வளவு பச்சையா வேற காயி எறங்கலன்னு மாமா சொன்னாரு. அம்புட்டு ஆவியும் எங்க போச்சு? வண்டிய வித்த தொரை பொண்டாட்டி தண்ணில விழுந்து செத்தாங்க, அது இதுன்னு ஆளாளுக்குக் கதை கட்டுனாங்க. நான் விசாரிச்சேன், அந்தம்மா நல்லபடியா ஊரு போயிச் சேந்து கடுதாசி போட்டிருக்காங்க.

பிள்ளைக்கு மூணு மாசம் இருக்கும், பேச்சி என்னையக் கூப்பிட்டுப் பாயைக் காட்டுனா. பாயில பிள்ளை படுத்திருந்த எடத்துல ஈரம். பிள்ளைன்னா நனைக்கத்தான செய்யும்னேன். கையை வச்சுப் பாருன்னா. சில்லுன்னு இருந்துச்சு. பிள்ளை முழங்கை நீளந்தான் இருக்கும், ஈரம் ஒரு பெரிய ஆளு உக்காந்த அகலம்.

அன்னைலருந்து எம்மக எங்க உக்காந்தாலும் அந்த ஈரம் வரும். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போயிட்டான்னு டீச்சர் பிரம்பால அடிச்சிருக்கா, பேச்சி அங்க போயிப் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். டாக்டருங்க வேர்வைன்னாங்க. கல்யாணப் பந்தல்ல மணையில மடிச்ச துண்டு போட்டு உக்காந்துச்சு எம்பிள்ளை, அதைப் பாத்துட்டுக் கொல்லைல போயி நின்னுக்கிட்டேன். அது வளந்துச்சு, ஈரம் வளரல, மொதல்லருந்தே அதே அளவு. இந்த அளவு விசயத்த மட்டும் அதுகிட்ட நாங்க சொன்னதேயில்லை.

இப்ப அது பெரியகொளத்துல வாத்தியாரம்மா. போன மாசம் இங்க வந்து, நீங்க உக்காரப் போனீங்களே, அந்த நாற்காலில உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போச்சு. ஊருக்குப் போயி ஒரு வாரம் கழிச்சுப் போன் பண்ணுச்சு. "அப்பா, உக்கார்ற எடமெல்லாம் காஞ்சிருக்குப்பா, துண்டே போடலப்பா, பஸ்சுல சீட்டுல சாஞ்சு உக்காந்து வந்தேம்ப்பா"ன்னு சொல்லி ஒரே அழுகை. நல்லதும்மா, எல்லாம் ஒடம்பு தேறிருச்சுன்னு அர்த்தம்னேன்.

அதுகிட்ட இந்த நாற்காலியப் பத்திச் சொல்லல. மெத்தைய எடுத்து வெயில்ல போட்டேன், அடுப்புக்கிட்ட வச்சேன். போயிக் கையை வச்சுப் பாருங்க தம்பி. வேணாமா? சரி விடுங்க. காயலேன்னா காயாமலே கெடக்கட்டும், பெரியகொளத்துக்குப் போகாம இருந்தாச் சரி.